லட்சம் பேருக்கான படிப்பு

என் அக்கா மகளைத் தெருவில் எல்லோரும் 'உலகம்' என்றுதான் கூப்பிடுவார்கள். "உலகம் காலேஜுக்குப் போயிடுச்சா?", "உலகம் இன்னும் தூங்குதா?" என்றெல்லாம் விசாரிப்பார்கள். பெயர் வைத்தது நான். அதற்காக இன்றுவரை யாரும் எனக்கு ஒரு நன்றி சொன்னதில்லை.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். இடது பக்கம் திரும்பச் சொன்னால் வைப்பரைப் போடுகிற ஆட்களோடு காலை முதல் மாலை வரை குப்பை கொட்டுகிறேன். அதனால் எனக்குக் கோபம் சட்டென்று வரும். கற்றுக்கொடுத்தால் மனிதர்கள் கற்றுக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையும் கொஞ்சம் மட்டுதான். என் பேச்சில் அங்கங்கே எகத்தாளம் தெரிந்தால் தொழிலின் கோளாறு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உலகம் டாக்டராகத்தான் ஆசைப்பட்டாள். மதிப்பெண்கள் ஒத்துழைக்கவில்லை. வாரம் முழுக்கத் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தவள், ஒரு நாள் எழுந்து குளித்து, ஒரு கல்லூரியின் வழவழப்பான புத்தகத்தோடு எங்கள் முன்னால் வந்து உட்கார்ந்தாள். அட்டையில் பூமிப் பந்துக்கு ஸ்டெதஸ்கோப் மாட்டிவிட்டிருந்தார்கள். பொதுச் சுகாதாரத்தில் இளநிலைப் பட்டம். அதற்குள் சிறப்புப் பாடமாக உலகளாவிய சுகாதாரம். சொல்லி முடிப்பதற்குள் எனக்கே மூச்சு வாங்கியது.

"அப்ப நீ ஊசி போடுவியா?" என்று கேட்டேன்.

"இல்ல மாமா."

"மருந்து எழுதிக் குடுப்பியா?"

"மாட்டேன்."

"பின்ன, ஒருத்தன் காய்ச்சல்னு வந்து நின்னா என்னதான் பண்ணுவ?"

"ஒருத்தருக்குக் காய்ச்சல்னா டாக்டர் பார்ப்பாங்க. ஒரு லட்சம் பேருக்குக் காய்ச்சல்னா நாங்க பார்ப்போம்."

"அப்ப உன்கிட்ட வரணும்னா ஒரு லட்சம் பேர் சேர்ந்து வரணும். டோக்கன் குடுக்கவே ஆள் போடணுமே!"

அவள் கோபித்துக்கொண்டு எழுந்து போனாள். அன்றைக்கு வைத்ததுதான் இந்தப் பெயர்.

அவளுடைய அப்பா, அதாவது என் மச்சான், புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. சேர்த்துடலாம்" என்றார். அவர் லிஃப்ட் மெக்கானிக். பேச்சு அவ்வளவுதான் வரும். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்டுகள் அவர் கைபட்டு ஓடுகிறவை. ஆனால் அவருக்கு மட்டும் லிஃப்டில் ஏறும் பாக்கியம் கிடையாது. லிஃப்ட் ஓடுகிற கட்டடத்திலிருந்து யார் அவரைக் கூப்பிடப் போகிறார்கள்? கூப்பிட்டால் அது நின்றுபோய்விட்டது என்று அர்த்தம். கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மோட்டார் அறை இருக்கும் மொட்டைமாடி வரைக்கும் படியேறியே ஆக வேண்டும்.

அக்கா ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்காருகிறாள். பல்லைத் தவிர மற்ற உறுப்புகளைப் பற்றி அவளுக்கு அபிப்பிராயம் எதுவும் இல்லை. ஆனால் மகள் என்ன படிக்கிறாள் என்று யாராவது கேட்டால், "டாக்டருக்குத்தான். இது வேற மாதிரி டாக்டர்" என்று சொல்லி வைத்தாள். விளைவு, சாயங்காலமானால் வீட்டு வாசலில் கட்டியும் கொப்புளமுமாக ஆட்கள் வந்து நிற்க ஆரம்பித்தார்கள்.

மேல்வீட்டு ஆன்ட்டி மூட்டு வலி என்று வந்தார். உலகம் அவரை உட்காரவைத்து, அவர் வயதில் இருக்கும் பெண்களுக்கு எந்தெந்தக் கண்டத்தில் எவ்வளவு மூட்டு வலி என்று பொறுமையாக விளக்கினாள். ஆன்ட்டி கடைசிவரை கேட்டார்.

"இத்தனை பேருக்கு இருக்குன்னு கேட்கறப்ப மனசுக்கு ஆறுதலாத்தான்மா இருக்கு. ஆனா முட்டி அதே மாதிரிதான் வலிக்குது" என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டே படியேறிப் போனார். கொஞ்ச நாளில் வாசலில் கூட்டம் குறைந்துவிட்டது.

ஆனால் பெண் கெட்டிக்காரி, அதை மறுக்க முடியாது. அவள் அறைச் சுவர் முழுக்க உலக வரைபடம். எந்த நாட்டில் கழிப்பறை இல்லை, எங்கே தடுப்பூசி எட்டவில்லை என்று நிறம் நிறமாகக் குண்டூசி குத்தி வைத்திருப்பாள். தண்ணீர் கொதிக்க வைக்காதவர்களைப் பற்றிக் கண் கலங்கப் பேசுவாள். பேசிக்கொண்டே எங்கள் வீட்டுக் குழாயில் நேராகப் பிடித்து மடக் மடக்கென்று குடிப்பாள். சுட்டிக்காட்டினால், "மாமா, நம்ம வீடு என் ஆய்வுல வராது" என்பாள்.

மூன்றாம் வருடத்தில்தான் விஷயம் சூடு பிடித்தது. அந்தப் படிப்பில் சிறப்பாகச் செய்கிற சிலரை வெளிநாட்டுக்கு ஒரு பருவம் களப்பயிற்சிக்கு அனுப்புவார்களாம். எங்கோ கடல் தாண்டி, பெயரைச் சொல்வதற்கே நாக்கைப் பழக்க வேண்டிய ஒரு நாடு. அங்கே கிராமம் கிராமமாகப் போய், உடம்பு சரியில்லை என்று தெரிந்தும் மக்கள் ஏன் மருத்துவமனைக்குப் போவதில்லை என்று கேட்டறிய வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் அதைப் போய் இவளிடம் எதற்குச் சொல்வார்கள் என்று கேட்டேன். அதற்குத்தான் பயிற்சி இருக்கிறது என்றாள். எப்படிக் கேட்டால் மனிதர்கள் உண்மையைச் சொல்வார்கள் என்று ஒரு முழுப் பாடமே வைத்திருந்தார்கள். யாரிடமாவது ஒரு மாதிரிப் பேட்டி எடுத்து, ஒலிப்பதிவு செய்து கொடுக்க வேண்டும். அது நன்றாக இருந்தால் இடம் கிடைக்கும்.

வீட்டில் எல்லோருக்கும் தலைகால் புரியவில்லை. எங்கள் குடும்பத்தில் கடல் தாண்டியவர் யாரும் கிடையாது. அக்கா பெட்டி வாங்கும் அளவுக்குப் போய்விட்டாள். அதே அக்காதான், நாளைக்கு வீட்டில் ஒருவர் தும்மினாலும் 'போக வேண்டாம்' என்று பெட்டியைப் பரணில் ஏற்றிவிடுவாள். அவள் குணம் அப்படி.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நீங்களும் எங்களைப் போலவே ஏமாந்துவிடுவீர்கள். அந்த வருட மழைக்காலத்திலிருந்தே மச்சானுக்கு நெஞ்சு வலி. மாடி ஏறினால் வரும், உட்கார்ந்தால் போய்விடும். அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் அக்கா மகளை அனுப்ப மாட்டாள். மகளும் போக மாட்டாள். அவள் விமானம் ஏறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். இதெல்லாம் எங்களுக்குத் தெரியவந்தது பின்னால்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உலகம் பேட்டி எடுக்க ஆள் தேடினாள். முதலில் நான் உட்கார்ந்தேன்.

"ஐயா, உடம்புக்கு முடியலன்னா நீங்க முதல்ல என்ன செய்வீங்க?"

நான் ஆஸ்பத்திரிகளில் வண்டி நிறுத்த இடம் விடாமல் கட்டடம் கட்டுவதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அவள் பதிவை நிறுத்திவிட்டாள்.

"மாமா, நீ பதில் சொல்லல. பிரசங்கம் பண்ற."

அடுத்து அக்கா. அவள் தலைமுடியை வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். தினமும் நடைப்பயிற்சி போவதாகவும், வீட்டில் எண்ணெய் உப்பு இரண்டையும் பாதியாகக் குறைத்துவிட்டதாகவும், வருடா வருடம் எல்லோருக்கும் முழு உடல் பரிசோதனை செய்வதாகவும் கண்ணிமைக்காமல் சொன்னாள். சமையலறையில் அப்போது அப்பளம் பொரிந்த வாசனை இன்னும் போகவில்லை.

"அம்மா, இதுல ஒண்ணாவது நிஜமா?"

"வெளிநாட்டுல கேட்கப் போறாங்கன்னா நம்ம மானத்தை வாங்கச் சொல்றியா?"

கடைசியில் மச்சான் மாட்டிக்கொண்டார். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "நானாவே பேசணுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம்பா. பயிற்சிதானே, வேற யாராவது ஒருத்தரா நடிங்க. அப்படியும் செய்யலாம்னு பாடத்துலயே இருக்கு."

"அப்ப நான் ஒரு பெயின்டர்" என்றார் மச்சான், கொஞ்சம் யோசித்து. எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கல்யாண வீட்டில் புகைப்படத்துக்குச் சிரி என்றாலே விறைத்துப்போகிற மனிதர் அவர்.

ஆனால் உட்கார்ந்து பேச ஆரம்பித்ததும் அசத்திவிட்டார். வயது கேட்டபோது இரண்டு கூட்டிச் சொன்னார். வலி இருக்கிறதா என்றதற்கு, "இருக்கும்மா. நெஞ்சுல ஒரு ஆள் கையை வெச்சு அழுத்துற மாதிரி. உயரத்துல ஏறுறப்ப வரும்" என்றார்.

"வந்தா என்ன செய்வீங்க ஐயா?"

"நாலாவது மாடி வந்ததும் பையைக் கீழ வெச்சுட்டு, ஷூ லேஸ் கட்டுற மாதிரி குனிஞ்சு உட்கார்ந்துக்குவேன். யாராவது பார்த்தா லேஸ்தான் கட்டுறான்னு நினைச்சுக்குவாங்க."

"வீட்டுல யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?"

"இல்லம்மா. வீட்டுல ஒரு நல்ல காரியம் நடக்கப் போகுது. நான் குறுக்க நிக்கக் கூடாதில்ல."

அக்கா என் தோளைத் தட்டி, "பாருடா, உன் மச்சானுக்குள்ள ஒரு நடிகன் இருந்திருக்காரு" என்று கிசுகிசுத்தாள். உலகம் மட்டும் உதட்டைப் பிதுக்கினாள்.

"அப்பா, நல்லா இருக்கு. ஆனா கொஞ்சம் ஓவர். இவ்வளவு வலி இருந்தா ஒரு மனுஷன் வீட்டுல சொல்லாம இருப்பானா? நம்புற மாதிரி சொல்லுங்க."

மச்சான் மடித்து வைத்த செய்தித்தாளைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். பிறகு, "சரி, இப்படி வெச்சுக்கோ. எப்பவாவது லேசா பிடிக்கும். வாயுன்னு நினைச்சு விட்டுடுவேன்" என்றார்.

"ம், இதுதான் இயல்பா இருக்கு" என்றாள் உலகம்.

அவர் எழுந்து போய் மறுபடி செய்தித்தாளை விரித்தார்.

கல்லூரியில் அந்தப் பதிவு பிரமாதமாக எடுபட்டது. அடுத்த வாரம் பேராசிரியை அதை வகுப்பு முழுவதற்கும் போட்டுக் காட்டினார். நடந்ததை உலகம் பிறகு சொல்லிச் சொல்லி அழுததால் நான் கூடவே இருந்து பார்த்த மாதிரி ஆகிவிட்டது. முதல் பதில்தான் தங்கம், அதை ஏன் மாற்றச் சொன்னாய் என்று பேராசிரியை செல்லமாகக் கடிந்துகொண்டார். பிறகு கரும்பலகை நிரம்பியது. இந்த மனிதர் ஏன் மருத்துவரிடம் போகவில்லை? பொருளாதாரத் தடை என்றான் ஒருவன். ஆண்மை பற்றிய சமூகப் பார்வை என்றாள் ஒருத்தி. விழிப்புணர்வு இன்மை, நம்பிக்கை இன்மை, போக்குவரத்து இன்மை என்று இன்மைகள் வரிசைகட்டி நின்றன. இப்படிப்பட்டவர்களுக்காக அரசுகள் என்ன கொள்கை வகுக்க வேண்டும், எந்த அமைப்பு எதற்கு நிதி ஒதுக்க வேண்டும் என்று வகுப்பு முழுக்க அனல் பறந்தது. என் மச்சானுக்காக மூன்று கண்டங்களில் திட்டம் போட்டார்கள். அவருக்கு ஒரு ஈ.சி.ஜி. எடுக்கலாம் என்று மட்டும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

உலகத்துக்கு இடம் உறுதி என்று பேராசிரியை அங்கேயே அறிவித்தார். கைதட்டல் அடங்கும்போது, வயிற்றெரிச்சல் தாங்காத ஒரு பையன் எழுந்தான். அவனுக்கும் அந்த இடத்தின் மேல் ஒரு கண்.

"மேடம், ஒரு சந்தேகம். பாத்திரம் சரியா ஒட்டல. பெயின்டர்னு சொல்றாரு. பெயின்டர் எங்க லேஸ் வெச்ச ஷூ போடுவாரு? செருப்புதானே போட்டிருப்பாரு?"

வகுப்பு சிரித்தது. பேராசிரியையும் சிரித்து, நுட்பமான கவனிப்பு என்று பாராட்டினார். உலகம் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டு வாசலில் தினமும் அவள் தாண்டிப் போகிற ஷூ ஒன்று உண்டு. கறுப்பு நிறம், இரும்பு முனை, நீள லேஸ். லிஃப்ட் கம்பெனி கொடுத்தது. மச்சான் முதலில் சொன்னதில் வயதும் பெயின்டரும் மட்டும்தான் பொய்.

அவள் பையைக்கூட எடுக்காமல் வெளியே வந்து அவருக்குப் போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அடுத்து எனக்கு அடித்தாள்.

"மாமா, வண்டி எடுத்துட்டு வா."

குரலைக் கேட்டதும் வண்டியை ஓரம் கட்டச் சொன்னேன். அப்போது ஸ்டீயரிங்கில் இருந்தது ஒரு தபால் ஆபீஸ் அம்மா. மூன்று மாதமாகக் கிளட்சைத் தேடிக்கொண்டிருப்பவர். அவரைப் பின்சீட்டுக்கு மாற்றி, நானே ஓட்டினேன். அவரை இறக்கிவிடக்கூடத் தோன்றவில்லை. கூரையில் 'பயிற்சி வாகனம்' என்று பலகை வைத்துக்கொண்டு நான் போன வேகத்தைப் பார்த்து, தெருவே ஒதுங்கி வழிவிட்டது. கல்லூரி வாசலில் உலகத்தை ஏற்றிக்கொண்டேன். விஷயத்தைத் திக்கித் திக்கிச் சொன்னாள். லிஃப்ட் கம்பெனிக்குப் போன் போட்டு, மச்சான் எந்தக் கட்டடத்தில் இருக்கிறார் என்று கேட்டோம்.

அது ஒரு பழைய அலுவலகக் கட்டடம். லிஃப்ட் கதவில் 'வேலை செய்யவில்லை' என்று அட்டை தொங்கியது. படியேறினோம். என் கோபமெல்லாம் மச்சான் மேல் திரும்பியிருந்தது. கண்டதும் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே ஏறினேன். இரண்டாவது மாடியைத் தாண்டியதுமே அவர் தெரிந்தார். படியில் குனிந்து உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வியர்வை.

எங்களைப் பார்த்ததும் சட்டென்று காலைத் தொட்டு, "ஒண்ணுமில்ல, லேஸ் அவிழ்ந்துடுச்சு" என்றார்.

"லேஸ் கட்டித்தான் இருக்குப்பா" என்றாள் உலகம்.

கேட்க நினைத்த நாலு வார்த்தையை விட்டுவிட்டு, அவர் பையை எடுத்து என் தோளில் மாட்டிக்கொண்டேன். நாலாவது மாடிவரை தாங்கிய நெஞ்சு இப்போது இரண்டாவது மாடிக்கே மூச்சு வாங்குகிறது என்பது எனக்கே புரிந்தது. உலகம் மூன்று வருடம் படித்தவள், அவளுக்குப் புரியாமல் இருக்குமா?

"மேல ஒரு அம்மா மூட்டு வலியோட காத்துட்டு இருக்காங்க. லிஃப்டை மட்டும் ஓட வெச்சுட்டு வந்துடறேன்" என்றார் மச்சான்.

"மச்சான், எழுந்திரிங்க. பேசாதீங்க" என்றேன். அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக நான் சொன்னதைக் கேட்டார்.

மருத்துவமனையில் எல்லாம் மளமளவென்று நடந்தது. அக்கா பல் மருத்துவமனைச் சீருடையோடு ஓடி வந்தாள். தபால் ஆபீஸ் அம்மா எங்கள் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, மிச்ச வகுப்பை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் போனார். ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கிறது, மறுநாளே சரிசெய்துவிடலாம், இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் கதை வேறு என்றார்கள். உலகம் வராந்தாவில் நின்று கல்லூரிக்குப் போன் செய்து, தான் போகவில்லை என்று சொல்லிவிட்டாள். அவள் இடம் ஷூவைப் பற்றிக் கேட்ட பையனுக்குப் போயிற்று. தகுதியானவன்தான், எனக்கு ஆட்சேபணை இல்லை.

சாயங்காலம் இதய மருத்துவர் வந்தார். சின்ன வயதுப் பெண், களைத்த முகம். கட்டிலைச் சுற்றி நாங்கள் மூவரும் நின்றோம். அவர் பேனாவை எடுத்துக்கொண்டு மச்சானிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"எப்பலேருந்து வலி இருக்கு?"

"மழைக்காலத்துலேருந்து."

"இத்தனை நாளா வீட்டுல ஒரு வார்த்தை சொல்லலையா? ஏன்யா இப்படிப் பண்றீங்க?"

அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு, "அதை நல்லாக் கேளுங்க டாக்டர்" என்றாள்.

மச்சான் கூரையைப் பார்த்துக்கொண்டே, "சொன்னேன்" என்றார்.

"யார்கிட்ட?"

"பொண்ணுகிட்ட. அவ கேட்டா, சொன்னேன்."

அக்கா அப்படியே திரும்பி மகளைப் பார்த்தாள். அது நடிப்பு என்று உலகம் சொல்லியிருக்கலாம். நானும் அக்காவும் அங்கே இருந்தவர்கள், ஆமாம் என்று சாட்சி சொல்லியிருப்போம்.

"ஆமா டாக்டர். சொன்னாரு" என்றாள். "நம்புற மாதிரி இல்லன்னு நான்தான் மாத்திச் சொல்லச் சொன்னேன்."

மருத்துவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எழுதுவதை நிறுத்திவிட்டு எங்களை மாறி மாறிப் பார்த்தார். மச்சான் ஊசி குத்தியிருந்த கையை மெல்லத் தூக்கி மகளின் விரல்களைப் பிடித்துக்கொண்டார்.

"அவ மேல தப்பில்ல டாக்டர்" என்றார். "நான்தான் சரியா நடிக்கல."